பன்னிரண்டில் ஏழு

ஜூலை மூன்றாவது வாரம் வந்துவிட்டால் பெல்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசை பள்ளிக்கூடமாகிவிடும். வாத்தியார் ட்ரூடி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு பதின்மூன்று வருஷம் மாரடித்தவள். மாணவன் அவள் புருஷன் வென்டெல். வயது முப்பத்து நான்கு, எடை நூற்றுப் பத்து கிலோ, அமெரிக்கக் கால்பந்தில் ஆன்வில்ஸ் அணியின் ஆட்டக்காரன். எதிரணியில் எவன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறானோ அவன் மேல் ஓடிப்போய் மோதிச் சாய்ப்பது அவன் உத்தியோகம். பாடம் ஒன்றே ஒன்றுதான். பரீட்சையில் மோசமாகச் செய்வது எப்படி?

பரீட்சை வைப்பது க்ளப். பருவம் தொடங்கும் முன் ஒவ்வொருவன் மூளையும் என்ன நிலையில் இருக்கிறது என்று அளந்து எழுதி வைத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு சொற்களை வாசிப்பார்கள். நடுவில் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லி இழுத்தடிப்பார்கள். பிறகு, நினைவிருக்கிற சொற்களைச் சொல் என்பார்கள். ஆட்டத்தில் எவனாவது மண்டையில் அடிபட்டு விழுந்தால் இதே பரீட்சையை மறுபடி வைத்துப் பழைய மதிப்பெண்ணோடு ஒத்துப் பார்ப்பார்கள். குறைந்திருந்தால் வெளியே உட்கார வேண்டும். குறையாவிட்டால் திரும்பவும் மைதானத்துக்குப் போகலாம். இதைக் கண்டுபிடித்த மேதாவிகளுக்கு ஒரு சின்ன விஷயம் தோன்றவில்லை. முதலிலேயே குறைவாக வாங்கி வைத்துவிட்டால் அப்புறம் எங்கிருந்து குறையும்? கல்லூரியில் ஒவ்வொரு பாடத்துக்கும் பாஸ் மார்க்கைக் கெஞ்சி வாங்கி வந்த தடியன்களுக்கு அது முதல் வருஷமே தோன்றிவிட்டது.

மோசமாகச் செய்வதிலும் ஒரு பக்குவம் வேண்டியிருந்தது. ஒரு புதுப்பையன் புத்திசாலித்தனமாகப் பன்னிரண்டுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிட்டு இளித்தான். அவனை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுக்கப்போட்டுத் தலையைப் படம் படமாக எடுத்துத் தள்ளிவிட்டார்கள். ஏழு என்பதுதான் சரியான எண் என்று மூத்த ஆட்டக்காரர்கள் கண்டு வைத்திருந்தார்கள். ஏழு சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த ஏழையும் தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டும். நடுவில் நெற்றியைச் சொறிய வேண்டும்.

பக்கத்து நாற்காலிக்காரியைப் பார்த்து எழுதிய எட்டு வயசுப் பெண்ணுக்குச் சுழியம் போட்டு அழ வைத்த அதே ட்ரூடிதான் இந்த நெற்றி சொறிதலைச் சொல்லிக் கொடுத்தாள். அதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை. க்ளப் முதலாளிகள் என்ன யோக்கியமா? அவர்களை ஏமாற்றுவது பாவம் என்று எந்தப் பாதிரியார் வந்து சொன்னாலும் அவள் வாசலோடு அனுப்பியிருப்பாள். எட்டு வருஷமாகப் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து ஊரையே ஏய்க்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு குஷிகூட இருந்தது.

இது ஒன்பதாவது ஜூலை. வேகவைத்த சோளக்கதிரில் வெண்ணெய் வழிய வழிய வென்டெல் கடித்துக்கொண்டிருந்தான். ட்ரூடி பள்ளிக்கூட நோட்டைத் திறந்து வைத்து வாசித்தாள்.

"ஏணி, வெண்ணெய், கழுதை, ஜன்னல், பொத்தான், மேகம், மெழுகுவத்தி, செருப்பு, முட்டைக்கோஸ், கடிதம், பாலம், கம்பளி. ஆச்சா? இப்ப நூத்துலேர்ந்து ஏழேழா இறங்கு."

"தொண்ணூத்தி மூணு. எண்பத்தாறு. எழுபத்தொம்போது. போதும் டீச்சரம்மா, சோளம் ஆறுது."

"சரி, சொல்லு பாப்போம்."

அவன் தயங்கினான். நெற்றியைச் சொறிந்தான். "கம்பளி. பாலம். ஏணி. வெண்ணெய்... கழுதை." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "செருப்பு. மேகம்."

"ஏழு! அடடா, என்னமா நடிக்கிற! உன்னை சினிமாவுல சேத்திருக்கணும்டா, பெரிய தப்புப் பண்ணிட்டாங்க."

இதற்குப் பிறகு ஒரு வழக்கம் உண்டு. ஏழு சொல்லி முடித்ததும் வென்டெல் நாற்காலியில் சாய்ந்து, கையைப் பின்னந்தலையில் கோத்துக்கொண்டு, பன்னிரண்டு சொற்களையும் கடைசியிலிருந்து தலைகீழாக ஒரே மூச்சில் ஒப்பிப்பான். பெண்சாதியிடம் மட்டும் காட்டும் ஜம்பம் அது. அவள் கைதட்டிவிட்டு பீச் பழ அடையை எடுத்து வைப்பாள்.

"எங்க, எடுத்து விடு," என்றாள்.

"எத?"

"மீதி அஞ்சையும் சேத்துத்தான். தலைகீழா."

"எதுக்கு? ஏழு போதுமில்ல?"

"போதும்தான். வருஷா வருஷம் ஒரு பீலா விடுவியே, அத விடு. அடை வேணுமா வேண்டாமா?"

அவன் சோளத்தைக் கீழே வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். "முட்டைக்கோஸ்," என்றான். "அப்புறம்... தொப்பி. நங்கூரம்."

தொப்பியும் நங்கூரமும் போன வருஷத்துப் பட்டியல். அதே நோட்டில் முந்தின பக்கத்தில் அவள் கையெழுத்தில் இருந்தன. ட்ரூடி நோட்டைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை பாடம் படிக்காமல் வந்து நின்றால் எப்படி விழிக்குமோ அப்படி விழித்துக்கொண்டிருந்தான். அதை அவள் பதின்மூன்று வருஷமாகத் தினமும் பார்க்கிறாள், அவளிடம் அது செல்லாது.

"என்கிட்டயேவா நடிக்கிற?"

"ஆமா, நடிக்கிறேன். நீ சொல்லிக் குடுத்ததுதான? அடையக் கொண்டா."

அவள் அடையைக் கொண்டுவந்து வைத்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் பரீட்சை. வென்டெல் சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தான். "ஏழு! பரீட்சை வச்சவரு முதுகுல தட்டி, பெல்சர், நீ கடிகாரம் மாதிரிய்யாங்கறாரு. ஒம்போது வருஷமா ஒரே மார்க்காம்." அவன் குளிக்கப் போன நேரத்தில் துவைத்த துணியை மடித்து வைக்கப் போனவள் காலுறை இழுப்பறையில் ஒரு கட்டு அட்டைகளைப் பார்த்தாள். புதுப் பயிற்சியாளர் இந்த வருஷம் கொண்டுவந்த ஆட்டத் திட்டங்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயரையும் ஐம்பது ஐம்பது தடவை எழுதியிருந்தான், வீட்டுப்பாடம் மறந்த பையனுக்குக் கொடுக்கிற தண்டனை போல. எண்ணிப் பார்த்தால் இருபத்தாறு அட்டை. மக்காக நடிப்பதில் பரிசு வாங்க வேண்டியவன், காலுறைக்கடியில் ஒளித்து வைத்து உருப்போட்டுக்கொண்டிருந்தான். அவன் நடிக்கவில்லை என்பது அப்போது சந்தேகமில்லாமல் தெரிந்துபோயிற்று.

அந்த மாதம் முழுக்க ட்ரூடிக்கு ஊரில் ஒருவரையும் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் ப்ரிசில்லா இருக்கிறாள். ஆட்டக்காரர்களின் மூளை எப்படிக் கெடுகிறது என்று பத்திரிகையில் வரும் நீள நீளக் கட்டுரைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் படிப்பவள். படித்துவிட்டு ஆசிரியர் அறையில் மூக்கைச் சிந்துவாள்.

"நான் ஆட்டம் பாக்கறதயே விட்டுட்டேன் ட்ரூடி. மனசாட்சி இடம் குடுக்கல."

"அப்படியா?"

"ஆமா. ஸ்கோர் மட்டும்தான் பாக்கறது. அப்புறம் செல்போன்ல முக்கியமான இடங்கள மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம். உன் வீட்டுக்காரர் போன வருஷம் கடைசி ஆட்டத்துல ஒருத்தன அடிச்சாரு பாரு! அப்பா! நாலு தடவை போட்டுப் பாத்தேன்."

மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பவனாவது பொறுமைசாலி, இவள் கொழுப்பை மட்டும் நறுக்கி எடுத்துத் தின்கிறாள் என்று ட்ரூடி நினைத்துக்கொண்டாள். போன வருஷம் அந்த அடியை அவளும்தான் பார்த்தாள். எழுந்து நின்று விசில் அடித்திருந்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் விடுப்புப் போட்டுவிட்டு க்ளப் டாக்டரைப் பார்க்கப் போனாள். டாக்டர் கிப்லின் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அலுத்துப்போன மனிதர். மேசைமேல் பிளாஸ்டிக் மூளை ஒன்று இருந்தது. கழற்றி மாட்டலாம். பேசும்போது கை தானாக அதன் ஒரு துண்டை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தது.

"அவருக்கு நினைவு போகுது டாக்டர். பன்னெண்டுல ஏழுதான் வருது."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஒன்பது புள்ளிகள், ஒரே நேர்கோடு. "பாருங்க மிஸஸ் பெல்சர். முத வருஷம் ஏழு, போன வருஷம் ஏழு, இந்த வருஷம் ஏழு. எனக்கு ஐம்பத்திரண்டு வயசாகுது, என் மூளை இப்படி நேரா இருந்தா நான் சந்தோஷப்படுவேன்."

"அதெல்லாம் பொய்."

"எதெல்லாம்?"

"எட்டும் பொய். நான்தான் உக்காத்தி வச்சுச் சொல்லிக் குடுத்தேன். ஒம்போதாவதுதான் நெசம்."

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. அவர் ஆச்சரியப்படாததுதான் அவளுக்குச் சுரீரென்றது.

"எல்லாருந்தான் பண்றாங்க. என் கோப்பு நெசம்னா இந்த அணியில பாதிப் பேருக்கு வீட்டுக்குப் போக வழி தெரியக்கூடாது. தெரியாம இல்ல எங்களுக்கு."

"தெரிஞ்சுக்கிட்டே எழுதி வைக்கிறீங்களா?"

"எழுதாம? பரீட்சை வைக்கணும்னு விதி. வைக்கிறோம். மார்க் போடணும்னு விதி. போடறோம்." மூளைத் துண்டை அதன் இடத்தில் பொருத்தினார். "சரி, உங்க பேச்சயே எடுத்துக்குவோம். எட்டு வருஷம் நல்லா இருந்தும் ஏழு வாங்கினாரு. இந்த வருஷம் கெட்டுப்போய் ஏழு வாங்கினாரு. நான் காகிதத்த வச்சுக்கிட்டு எப்படிப் பிரிக்கிறது? அவர் நல்லா இருந்தாருங்கறதுக்கு உலகத்துல ஒரு துண்டுச் சீட்டு இருக்கா?"

இல்லை. இருந்த ஒரே சாட்சி, பீச் அடைக்காக அவன் தலைகீழாக ஒப்பித்த பன்னிரண்டு சொற்கள். அதைக் கேட்டது அவள் ஒருத்தி. எட்டு வருஷமாகச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு அவளே உட்கார்ந்து அவன் நல்ல மூளையின் தடயத்தை ஒன்றுவிடாமல் அழித்திருந்தாள்.

"முழுசா சோதனை பண்ணுங்க டாக்டர். நாள் முழுக்க நடக்குமாமே, அது."

"பண்ணலாம். அவர் வந்து கேக்கணும், கையெழுத்துப் போடணும். வளந்த மனுஷன், அவர் பெண்டாட்டி சொன்னாங்கன்னு நான் கட்டி இழுத்துட்டு வர முடியாது. இன்னொண்ணும் சொல்லிடறேன். இத்தன வருஷம் பொய் மார்க் வாங்கினேன்னு அவர் வாயால சொன்னா, அத நான் ஆபீஸுக்குச் சொல்லியாகணும். சாயங்காலத்துக்குள்ள அவர வெளிய அனுப்பிடுவாங்க. தலைக்காக இல்ல. பொய் சொன்னதுக்காக."

கதவு வரை வந்து கைகுலுக்கினார். "முத ஆட்டத்துக்கு வருவீங்கல்ல?" என்று கேட்டார். பழக்கதோஷம்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வென்டெலிடம் கொட்டினாள். அவன் வாசல் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். குழாயை மூடாமலே கேட்டான்.

"நீ போய் என்னை டாக்டர்கிட்ட மாட்டி விட்டியா?"

"உன்னைக் காப்பாத்தப் போனேன்."

"ரொம்ப நல்லாருக்கு. சொல்லிக் குடுத்ததும் நீ, போட்டுக் குடுக்கறதும் நீ." குழாயைப் புல்லில் எறிந்தான். "மறதின்னா இது என்ன?" அங்கேயே நின்று, ஆறு வருஷத்துக்கு முன் ஆடிய ஆட்டத் திட்டங்களை ஒப்பிக்க ஆரம்பித்தான். பெயர், எண், யார் எங்கே நிற்பான், எவன் எந்தப் பக்கம் ஓடுவான். இருபது, முப்பது, நிறுத்தவே இல்லை. எதிர் வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டு, "பலே வென்டெல்! முத ஆட்டத்துல அவனுங்க எலும்ப எண்ணிக் குடுத்துரு!" என்று கட்டை விரலைக் காட்டினார்.

"பழசு எல்லாம் இருக்கு. அத யாரு இல்லன்னா?" என்றாள் ட்ரூடி. "புதுசு சொல்லு. இந்த வருஷத்துது. காலுறைக்கடியில இருக்கே, அத சொல்லு."

அவன் முகம் விழுந்துவிட்டது. நூற்றுப் பத்து கிலோ உடம்பு வாசலில் எங்கே ஒளிவதென்று தெரியாமல் நின்றது. அவளுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது, ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது.

"இந்த ஒரு வருஷம் ட்ரூ," என்றான் கடைசியில், சின்னக் குரலில். "இத விட்டா நான் யாரு? எனக்கு வேற என்ன தெரியும்?"

"கையெழுத்துப் போடு வென்டெல். ஒரே ஒரு கையெழுத்து."

"மாட்டேன்."

"அப்ப கேட்டுக்க. உன் தலையில ஒரே ஒரு அடி விழட்டும். நான் அங்கயே, அத்தன பேரு முன்னாடி, எல்லாத்தையும் கத்திச் சொல்லுவேன். மானம் போனாப் போகட்டும்."

"கத்து," என்றான். "அங்க எல்லாருந்தான் கத்தறாங்க."

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு முதல் ஆட்டம். காலை எட்டு மணிக்கே கார் நிறுத்துமிடம் முழுக்க ரசிகர்கள் இறைச்சி சுடும் அடுப்புப் புகை. வயிற்றில் அணியின் சின்னமான பட்டறைக்கல் படம் வரைந்துகொண்ட கிழவன்கள், முகத்தில் சாயம் பூசிய குமாஸ்தாக்கள், கைக்குழந்தைக்கு ஆன்வில்ஸ் சட்டை மாட்டி அதன் காதில் பஞ்சு அடைத்த தாய்மார்கள். காதைப் பற்றி அவ்வளவு கவலை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடக்கும்போது ட்ரூடிக்கு ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. அவர்களோ அவள் சட்டையின் முதுகில் பெல்சர் என்று எழுதியிருந்ததைப் பார்த்து வழிவிட்டார்கள், ஒருத்தி அவள் கையில் சூடான சாசேஜைத் திணித்தாள். "உங்க வீட்டுக்காரருக்காக தினமும் ஜெபிக்கிறோம்!" என்றாள் இன்னொருத்தி. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது ஏன் என்று தன்னையே கேட்டாள். மனைவிமார் பகுதியில் எல்லோரும் போடுவார்கள், போடாவிட்டால் பேசுவார்கள், அதனால்தான்.

ஆட்டத்தின் நான்கு கட்டங்களில் மூன்றாவதில் அது நடந்தது. எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு குனிந்து ஓடி வந்தான். வென்டெலும் குனிந்து போனான். இரண்டு தலைக்கவசங்களும் மோதிய சத்தம் பன்னிரண்டாவது வரிசையில் இருந்த ட்ரூடிக்குக் கேட்டது. கூட்டம் "ஆ!" என்று சொக்கியது. பந்துக்காரன் எழுந்து போய்விட்டான். வென்டெல் ஒரு காலை ஊன்றி எழுந்தான், இரண்டடி வைத்தான், எதிரணி ஆட்கள் கூடி நின்ற பக்கம் நடந்து போய் அவர்களோடு நின்றுகொண்டான். பக்கத்தில் இருந்த லோரெட்டா, இன்னொரு ஆட்டக்காரனின் மனைவி, "ஐயோ, விளையாட்டுக் காட்டறாரு பாரு!" என்று சிரித்தாள்.

மேலே கண்ணாடி அறையில், எவனுக்குத் தலையில் அடி என்று கவனிப்பதற்கென்றே ஒரு ஆளை உட்கார்த்தி வைத்திருப்பார்கள். அந்த ஆள் தகவல் கொடுக்க, நடுவர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். வென்டெலை வெளியே அழைத்துப் போனார்கள். அப்போதுதான் கூட்டம் ஊளையிட ஆரம்பித்தது. ஆன்வில்ஸ் நான்கு புள்ளி முன்னிலை, முக்கியமான கட்டம், நல்ல ஆளை எதற்கு வெளியே எடுக்கிறான்? அறுபத்தெட்டாயிரம் பேர் அந்தக் கண்ணாடி அறையைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார்கள். அன்றைக்கு அந்த மைதானத்தில் ஒரு மனிதன் செய்த ஒரே யோக்கியமான காரியம் அதுதான், அதற்கு அவனுக்குக் கிடைத்த மரியாதை அது. ட்ரூடி மட்டும் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தானே வாயைத் திறக்க வேண்டியிராது, மானமும் போகாது, தலையும் தப்பும் என்று ஒரு நிமிஷம் நம்பினாள்.

முதலில் மைதான ஓரத்துச் சோதனைக் கூடாரத்துக்குள் கொண்டுபோனார்கள், பிறகு படியிறங்கி உள்ளே. பன்னிரண்டு சொற்கள் வாசித்திருப்பார்கள். அவன் தயங்கியிருப்பான். நெற்றியைச் சொறிந்திருப்பான். பழைய எண்ணோடு ஒத்துப் பார்த்திருப்பார்கள். ஏழோ, ஆறோ, அவர்களுக்கு ஒன்றுதான். கால் மணி நேரத்தில் வென்டெல் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சுரங்க வழியிலிருந்து வெளியே வந்தான். பின்னால் டாக்டர் கிப்லின், பயிற்சியாளரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மைதானம் கூரை பிய்ந்துகொள்ளும்படி கத்தியது. அறுபத்தெட்டாயிரம் பேரும் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவனுக்கு ஏழு போட்டு உள்ளே அனுப்பி வைத்தவள் தான் ஒருத்திதான் என்பது ட்ரூடிக்குத் தெரிந்தது. அவள் மனசில் அவ்வளவு நேரமும் மற்றவர்களுக்காகச் சேர்த்து வைத்திருந்த அருவருப்பு மொத்தமும் அவள் மேலேயே வந்து விழுந்தது.

எழுந்து படியில் ஓடினாள். "எங்கடி போற? கடைசிக் கட்டம் ஆரம்பிக்கப் போவுது!" என்று லோரெட்டா கத்துவது கேட்டது. முதல் வரிசைக்கு முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"டாக்டர்! அந்த மார்க் பொய்! பொய்! நான்தான் சொல்லிக் குடுத்தேன்! அவர உள்ள விடாதீங்க! வென்டெல்! போகாத!"

பக்கத்தில் வயிற்றில் சாயம் பூசிய ஆள் ஒருவன் அவளைப் பார்த்துப் பூரித்துப்போனான். என்ன சொல்கிறாள் என்று அவனுக்குக் கேட்கவே இல்லை. "அப்படிச் சொல்லுங்கக்கா!" என்று அவனும் சேர்ந்துகொண்டு, "வென்டெல்! வென்டெல்!" என்று கத்தினான். பின்னாலிருந்த பத்து வரிசையும் அதைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் ஏதோ காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. காவலாள் ஒருவன் வந்து, "கம்பிய விட்டுத் தள்ளி நில்லுங்க," என்றான், மரியாதையாகத்தான்.

ஆனால் வென்டெல் திரும்பினான். பதினைந்தடி தூரம்கூட இருக்காது. தலைக்கவசம் கையில்தான் இருந்தது, முகம் முழுக்கத் தெரிந்தது. நேராக அவளைப் பார்த்தான். ட்ரூடி சத்தம் போடுவதை நிறுத்தினாள். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் சிரித்தான். அழகான, பெரிய சிரிப்பு, முன்பின் தெரியாத ரசிகர்களிடம் சிரிக்கிற சிரிப்பு. கம்பியோரம் நின்று கூச்சல் போடும் ரசிகர்களுக்கு ஆட்டக்காரர்கள் கையுறையைக் கழற்றி வீசுவது வழக்கம். வலது கையுறையை உருவி அவள் பக்கம் வீசினான்.

"ரொம்ப நன்றிங்க மேடம்!" என்றான். "இன்னும் சத்தமா கத்துங்க! இன்னும்!"

இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டிக் கூட்டத்தை உசுப்பிவிட்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நடு மைதானத்துக்கு ஓடினான். அவனோடு பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவளின் நெஞ்சில் பட்டு, வியர்வை ஈரத்தோடு கையுறை காலடியில் விழுந்தது. சாயக்காரன் குனிந்து எடுத்து, துடைத்து, பயபக்தியோடு அவள் கையில் வைத்தான். "அதிர்ஷ்டக்காரிக்கா நீங்க. நான் இருபது வருஷமா வரேன், எனக்கு ஒண்ணுகூட விழுந்ததில்ல."

விசில் ஒலித்தது. முன்வரிசை மொத்தமும் எழுந்து அவளைப் பின்னால் தள்ளிவிட்டுக் கம்பியோரம் நெருக்கியது. அகலமான முதுகுகளுக்குப் பின்னால் அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவன் எங்கே நிற்கிறான், எவன் அவனை நோக்கி ஓடி வருகிறான், ஒன்றும் தெரியவில்லை. பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. கையுறையைப் பிடித்தபடியே நாற்காலிமேல் ஏறினாள். சாயக்காரன் தோளைக் கொடுத்தான், அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.